மொட்டை மலை பார்க்கப் போன கதை

ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்ப்பதற்காக ஐந்து மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குத்தான் நான் என் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறேன்.

மகள் அமெரிக்காவில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். மருமகனுக்குக் கம்ப்யூட்டரில் வேலை. ஏலக்காய் எடுப்பு முடிந்து, உலர்ந்த காயை வண்டன்மேட்டு ஏலத்துக்கு அனுப்பிவிட்டு, ஒரு மாசி மாதத்தில் நானும் என் மனைவியும் அவர்களைப் பார்க்கப் போனோம். போவதற்கு எனக்கு மனமே இல்லை. போடிமெட்டில் எங்களுக்கு நாலு ஏக்கர் ஏலத்தோட்டம். அதை விட்டுவிட்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல நான் எங்கேயும் தங்கியதில்லை. மகள் போனில் அழுதாள். மனைவி போனுக்கு வெளியே அழுதாள். இரண்டு அழுகைக்கும் நடுவில் ஒரு மனிதன் என்னதான் செய்வான்? கிளம்பினேன்.

போன இரண்டாவது வாரமே மருமகன் ஒரு பாலைவனத்தைக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்துவிட்டார். அது சாதாரணப் பாலைவனம் இல்லையாம், தேசியப் பூங்காவாம். பூங்கா என்றதும் நாலு செடியாவது இருக்கும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். மணல்மேடு இருக்கும், வண்ண வண்ணமாக மலை இருக்கும், உப்புத் தரை இருக்கும் என்று அடுக்கினார். அந்தப் பூங்காவின் பெயரிலேயே சாவு இருக்கிறது. ஒரு பள்ளத்தாக்குக்குச் சாவு என்று பெயர் வைத்து, டிக்கெட் கொடுத்து ஆளை உள்ளே விடுகிறார்கள். எங்கள் மலைப் பாதையில் ஒரு வளைவில் இரண்டு ஜீப் கவிழ்ந்தால் அடுத்த மாதமே அங்கே சிலுவை நட்டு ஒரு குருசடி வந்துவிடும், இல்லையென்றால் ஒரு கருப்பசாமி வந்துவிடுவார். போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் பயத்தோடு போவார்கள். செத்த இடத்தைக் காட்டி ஆளைக் கூப்பிட வேண்டும் என்று எங்களுக்கு இதுவரை தோன்றியதில்லை.

சுற்றுலா வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தோட்டத்தின் மேல் எல்லை ரோட்டை ஒட்டி இருக்கிறது. போடியிலிருந்து மலையேறி வருகிற கார்கள் எல்லாம் மூடுபனியைக் கண்டதும் அங்கே வந்துதான் நிற்கும். இறங்குவார்கள். கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் இன்னொருவரைப் படம் எடுப்பார். தின்ற காகிதத் தட்டை என் ஏலச்செடிக்குள் வீசுவார்கள். ஒருமுறை ஒரு கனவான் கண்ணாடியை இறக்கி, "சார், இங்க பாக்குறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். "நான் இருக்கேன், பாத்துட்டுப் போங்க" என்றேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அப்படிப்பட்ட நான், பிடரியை மறைக்கும் துணி வைத்த ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு, மகள் வாங்கித் தந்த கால்சட்டையில், விடிந்தும் விடியாமலும் அந்தக் காரில் ஏறி உட்கார்ந்தேன்.

போகப் போக மரம் குறைந்தது. பிறகு புதர் குறைந்தது. கடைசியில் ரோடு மட்டும் மிச்சம் இருந்தது. மருமகனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாருங்க மாமா, எங்கூராட்டமே இருக்குதுங்க" என்றார்.

அவருடைய ஊர் வடகரப்பதிப் பக்கம். பாலக்காட்டின் கிழக்கு ஓரம், ஒரு எட்டு வைத்தால் கோயம்புத்தூர் ஜில்லா. அங்கே போர் போட்டால் ஆயிரம் அடிக்கும் புகைதான் வரும் என்று கல்யாணம் பேசும்போதே அவருடைய அப்பா சொன்னார். சொந்தக் குறையைப் பெருமை மாதிரி சொல்லுகிற குடும்பம். காய்ந்த நிலத்தைப் பார்த்தால் அவருக்குப் பாசம் பொங்குவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தப் பாசத்துக்காக அடுத்தவரை ஐந்து மணி நேரம் உட்கார வைக்கலாமா என்பதுதான் என் கேள்வி. அதை நான் காரிலேயே கேட்டேன். மகள் கண்ணாடியில் என்னை முறைத்தாள்.

முதலில் மணல்மேட்டுக்குக் கொண்டுபோனார். மணல், மேடாக இருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே வந்திருந்த ஜனங்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒருவன் பலகையில் உட்கார்ந்து மேலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தான், வயது ஐம்பதுக்குக் குறையாது. ஒரு பெண் கல்யாண உடையில் தரையெல்லாம் துணி இழுபட நின்றாள், மாப்பிள்ளையைக் காணோம், படம் எடுக்கிறவன் மட்டும் இருந்தான். இன்னொரு கூட்டம் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தது. இவ்வளவு தூரம் வந்து கண்ணை மூடுவதற்கு வீட்டிலேயே மூடியிருக்கலாம்.

என் மனைவி என்ன செய்தாள் என்றால், மகள் வாங்கித் தந்த புது கேன்வாஸ் ஷூவைக் கழற்றிவிட்டு மணலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஒரு கை மணலை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டாள். மறுபடி அள்ளினாள்.

"நல்லா இருக்குல்ல?" என்றாள் என்னிடம்.

"என்னத்த நல்லா இருக்கு? ரெண்டு மூட்டை கட்டிக்கோ, ஊர்ல மணலுக்குத் தட்டுப்பாடு. ஏலக்கா ஸ்டோர் சுவத்தையாச்சும் பூசலாம்."

மருமகன் சிரித்தார். யாராவது சிரித்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. அது என்னுடைய வியாதி.

"அதுக்கில்லைங்க" என்றாள் மனைவி. புடவைத் தலைப்பைப் பிடித்து என் பக்கம் நீட்டினாள். "தொட்டுப் பாருங்க, மொறுமொறுன்னு காஞ்சு கெடக்கு. தலைமுடியப் பாருங்க. எங்கிட்டும் ஈரமே இல்ல. முப்பத்தி நாலு வருஷத்துல ஒரு நாளாச்சும் என் துணி இப்பிடிக் காஞ்சிருக்கா?"

அவள் போடிக்காரி. கீழே, வெயில் ஊரில் பிறந்தவள். கட்டிக்கொண்டு மேலே நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் மலையில் ஆனி, ஆடி என்றால் துணி காயாது. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரின் சூட்டில் கொடி கட்டிப் போட வேண்டும். அப்போதும் ஒரு ஈர வாடை போகாது. பாய், தலையணை, அரிசிப் பானை எல்லாவற்றிலும் பூசணம் ஏறும். காலில் அட்டை ஏறும். மழைக்காலத்தில் அவளுக்கு நெஞ்சு இழுக்கும். மலையில் இருக்கிற எல்லோருக்கும் இதுதான் நிலை, அவளுக்கு மட்டும் தனியாக மழை பெய்யவில்லை என்பது என் எண்ணம்.

"துணி காயப்போடத்தான் விமானம் ஏறி வந்தியா?" என்றேன். பிறகு மகளையும் மருமகனையும் பார்த்து, "இவளுக்கு ஒரு கல்லைக் காட்டுனாலும் நல்லா இருக்கும்பா. புத்தி அம்புட்டுத்தான், வச்சுக்கிட்டா வஞ்சகம் பண்றா" என்றேன்.

இந்த முறை மருமகன் சிரிக்கவில்லை. "அப்பா, கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றாள் மகள். மனைவி கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். ஷூவைப் போட்டு, கயிற்றை நிதானமாக முடிந்தாள். கோபம் இருப்பதாகவே தெரியவில்லை. அவள் முகத்தில் கோபம் தெரிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அதை நான் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரில் கொண்டுவந்த தயிர்சாதத்தைத் தின்றுவிட்டு மத்தியானத்துக்கு மேல் வண்ண மலைக்குப் போனோம். வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து பார்த்தால் எதிரே முழுவதும் மேடு மேடாகக் கிடந்தது. மஞ்சள் ஒரு மேடு, காவி ஒரு மேடு, ரோஸ், ஊதா, ஒரு மாதிரி பாசிப் பச்சை. புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்து முகப்பைப் பார்த்தது போல் இருந்தது. புல் கிடையாது. ஒரு எறும்பு கிடையாது. ஜனங்கள் மூச்சை இழுத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மருமகன் பாடம் எடுக்க ஆரம்பித்தார். சிவப்பு இரும்பினால் வருகிறதாம், பச்சை வேறு எதனாலோ வருகிறதாம், எரிமலைச் சாம்பலாம், லட்சக்கணக்கான வருடங்களாம்.

"மாப்ள" என்றேன். "எங்க மலை இப்பிடி உள்சதையக் காட்டுச்சுன்னா வார்டு மெம்பர் ஓடி வந்து எங்களை எல்லாம் கேம்புக்குப் பத்திட்டுப் போவாரு. ஸ்கூல் பெஞ்சுல படுத்துக்கிட்டு கஞ்சி குடிப்போம். நீங்க படம் எடுக்குறீங்க."

இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை எதிர்மலையில் பச்சைக்கு நடுவே சிவப்பாக ஒரு கீறல் தெரிந்தால் போட்ட வேலை போட்டபடி முற்றத்தில் வந்து நிற்போம். அந்தக் கீறலுக்குக் கீழே யார் வீடு இருந்தது என்றுதான் முதலில் யோசிப்போம். மண் தெரிவது எங்கள் ஊரில் கெட்ட செய்தி. இங்கே ஒரு மலைத்தொடர் முழுவதுமே மண்சரிந்து கிடக்கிறது, அதற்கு அழகு என்று பெயர். இதையெல்லாம் விளக்கினால் மட்டும் யாருக்குப் புரியப் போகிறது என்று விட்டுவிட்டேன். காலும் வலித்தது. காருக்குள் போய் உட்கார்ந்தேன்.

மகளும் மருமகனும் படம் எடுக்க மேட்டுக்கு ஏறினார்கள். மனைவி கார்க் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் தண்ணீர் பாட்டில்.

"அந்த நடைபாதையில கொஞ்ச தூரம் போயிட்டு வரவா? நீங்களும் வர்றீங்களா?"

"நீ போ. போய்ப் பாத்துட்டு வந்து, மண்ணு சேப்பா மஞ்சளான்னு எனக்குச் சொல்லு."

அவள் போனாள். நான் சாய்வை இறக்கி, அந்தத் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினேன்.

எழுப்பியது மருமகன். "ஏனுங்க மாமா, அத்தை உங்ககூட இல்லீங்களா?"

அவர்கள் அவள் என்னோடு காரில் இருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். நான் அவள் அவர்களோடு சேர்ந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன், அல்லது அப்படிக்கூட நினைக்கவில்லை, தூங்கிவிட்டேன். அவள் போய் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவளுடைய போன் கைப்பையோடு பின் சீட்டில் கிடந்தது. இருந்திருந்தாலும் அங்கே சிக்னல் இல்லை. சூரியன் எதிர்மலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் நின்றது. அது விழுந்துவிட்டால் அந்த இடம் குளிரும் என்று மருமகன்தான் காலையில் சொல்லியிருந்தார்.

மகள் ஓடிப்போய்ப் பூங்காக் காவலரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெரிய தொப்பி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அவர் அவசரப்படாமல் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். என்ன உடை, என்ன வயது, ஏதாவது நோய் உண்டா. மகள் மூச்சு வாங்கிக்கொண்டு பதில் சொன்னாள். பிறகு காவலர், வழக்கமாக எல்லோரும் அந்தப் பாதையில் போய் மேலே முகட்டில்தான் ஏறுவார்கள், வழி தவறினாலும் பார்வைக்கு உயரமான இடத்துக்குத்தான் போவார்கள், நான் முகட்டைப் பார்க்கிறேன், இன்னொருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன், நீங்கள் காரை விட்டு நகராதீர்கள் என்றார். அதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அவருக்கு என் மனைவியைத் தெரியாது.

அவள் ஏற மாட்டாள். ஏலமலைக்காரர்கள் வழி தவறினால் ஏற மாட்டோம். மேலே போகப் போகக் காடும் பனியும்தான். ஒரு ஓடையைப் பிடித்துக் கீழே இறங்க வேண்டும். எங்கள் பக்கம் எந்த ஓடையும் பெரிய ஓடையில் சேரும், பெரிய ஓடை ஏதாவது ஒரு ரோட்டுப் பாலத்துக்கோ கூலியாட்கள் குடியிருக்கிற லயத்துக்கோ கொண்டுபோய் விட்டுவிடும். கட்டிக்கொண்டு வந்த புதிதில் தோட்டத்துக்குள் அவள் வழி தெரியாமல் நின்று அழுதபோது இதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்தேன் என்றால், திட்டிச் சொன்னேன்.

வண்டி நிறுத்தும் இடத்தின் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தேன். மேடுகளுக்கு நடுவில் நீர் அறுத்த ஓடைகள் கிடந்தன, எல்லாம் வறண்டு. நடைபாதைக்குப் பின்னாலிருந்து ஒரு ஓடை இறங்கியது. அது ரோட்டின் பக்கம் வரவில்லை. ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வளைந்து வளைந்து, தூரத்தில் தெரிந்த வெள்ளை உப்புத் தரையைப் பார்த்துப் போனது. அந்தத் தரையில் ஒரு வீடு இல்லை, ஒரு மரம் இல்லை. நான் சொல்லிக் கொடுத்த வழியிலேதான் அவள் போயிருப்பாள்.

"மாமா, நில்லுங்க. தண்ணி எடுத்துட்டு நானும் வர்றனுங்க" என்று மருமகன் கத்தினார். நான் நிற்கவில்லை. இறங்கிவிட்டேன்.

அந்த மண் காலை வாரியது. மேலே ஓடு மாதிரி தெரிகிறது, மிதித்தால் பொடியாகிச் சறுக்குகிறது. இரண்டு முறை பின்புறம் அடிபட உட்கார்ந்தேன். அடியில் கொஞ்சம் கூழாங்கல் பரப்பு கிடந்தது. ஒரு இடத்தில் பொடி மண்ணில் தடம் தெரிந்தது. கட்டம் கட்டமாக அடி போட்ட புது ஷூ. கால் அளவு சிறியது. கீழ் நோக்கிப் போயிருந்தது, திரும்பி வந்த தடம் இல்லை.

அங்கே நின்று கூவினேன்.

கூவுவது எங்கள் மலையில் ஒரு வழக்கம். ஏலச்செடி ஆளை விட உயரம் வளரும். பனி இறங்கிவிட்டால் பக்கத்து வரிசையில் இருக்கிறவரைத் தெரியாது. அதனால் வேலை செய்கிறவர்கள் அவ்வப்போது 'கூ' என்று நீட்டிக் குரல் கொடுப்பார்கள். காதில் விழுந்தவர் என்ன வேலையில் இருந்தாலும் உடனே திருப்பிக் குரல் கொடுக்க வேண்டும். வாயில் வெற்றிலை இருந்தால் துப்பிவிட்டுக் கொடுக்க வேண்டும். எல்லைத் தகராறில் ஒன்பது வருடமாக முகம் பார்க்காத அண்ணன் தம்பி இரண்டு பேர் எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறார்கள். ஒருவர் கூவினால் மற்றவர் பதில் கூவுவார். பதில் வரவில்லை என்றால் ஒன்று பாம்பு, இல்லையென்றால் யானை, இல்லையென்றால் பள்ளம். வேறு காரணம் எங்களுக்குத் தெரியாது. நானும் என் மனைவியும் சண்டை போட்டு நாள் கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு. அப்போதும் தோட்டத்தில் நான் கூவி அவள் பதில் கொடுக்காமல் இருந்ததே இல்லை.

பதில் வரவில்லை.

ஒரு வளைவு இறங்கி மறுபடி கூவினேன். இல்லை. எங்கள் மலையில் கூவினால் எதிர்மலையாவது திருப்பிச் சொல்லும். இங்கே அதுவும் இல்லை. எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. விழுந்து கிடக்கிறாள் என்று நினைத்தேன். நெஞ்சு இழுத்துக் கிடக்கிறாள் என்று நினைத்தேன். பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன், நான் கவனிக்கவே இல்லை. அவள் கார்க் கதவருகில் நின்றபோது நான் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. மண்ணு சேப்பா மஞ்சளா என்று நான் சொன்ன அந்த வாக்கியம் என் குரலிலேயே திரும்பத் திரும்ப எனக்குக் கேட்டது. எவ்வளவு கேவலமான குரல் அது. அடுத்தவனிடமிருந்து அந்தக் குரலை நான் ஒரு நாள்கூடப் பொறுத்துக்கொண்டிருக்க மாட்டேன். அவள் முப்பத்து நாலு வருடமாக அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

இறங்கிக்கொண்டே கூவினேன். தொண்டை கட்டிக்கொண்டது. எத்தனை முறை கூவினேன் என்று எனக்கு நினைவில்லை. போகப் போகக் கரைகள் உயர்ந்து ஓடை இடுங்கியது. ஒரு கரை மஞ்சள், ஒரு கரை காவி. அதையெல்லாம் அப்போது யார் பார்த்தார்கள்.

நாலாவதோ ஐந்தாவதோ வளைவு திரும்பினேன். உட்கார்ந்திருந்தாள்.

கரையின் நிழலில், முதுகைச் சாய்த்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஷூ இரண்டும் ஜோடியாகப் பக்கத்தில் இருந்தன. தலைமுடியைப் பிரித்து விட்டிருந்தாள், நரைத்த முடி காய்ந்து பறந்துகொண்டிருந்தது. மடியில் பாட்டில், பாதிக்கு மேல் தண்ணீர். எங்கும் அடி இல்லை. மூச்சு இழுக்கவில்லை. அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

நான் பொத்தென்று அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அதை மறைக்கவும் தெம்பு இல்லை.

"வழி தப்பிருச்சுங்க" என்றாள். "திரும்பிப் பாத்தா எல்லா மேடும் ஒண்ணு போலத்தான் இருக்கு. ஓடையப் புடிச்சு எறங்கணும்னு நீங்கதான சொல்லிருக்கீங்க. எறங்குனேன். எறங்க எறங்கத் தண்ணியும் வரல, ரோடும் வரல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, உக்காந்துட்டேன்."

அவள் பாட்டிலை நீட்டினாள். நான் குடித்தேன். அவசரத்தில் பாதி சட்டையில் கொட்டியது. மூச்சு சமனானதும் எனக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. அதட்டல் இல்லாமல் ஒரு கேள்வியைக் கேட்க எனக்குத் தெரியாது.

"நான் கூவுனது காதுல விழலையாக்கும்?"

"விழுந்துச்சு."

"விழுந்துச்சா? மூணு தடவை தொண்டை கிழியக் கூவிருக்கேன்."

"அஞ்சு" என்றாள்.

நான் அவளையே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. காலடியில் இருந்த மணலைக் கொஞ்சம் அள்ளி, விரலிடுக்கில் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தாள். அதில் வீம்பு இல்லை, பழிவாங்கல் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பதில் பேசத் தெரிந்திருக்கும்.

"பதில் குடுத்தா வந்துருவீங்களே" என்றாள்.

நான் பாட்டிலை மூடி அவள் பக்கத்தில் வைத்தேன். இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். வெயில் கரையின் பாதிக்கு ஏறிவிட்டது.

மேலே எங்கேயோ, இரண்டு மூன்று வளைவுக்கு அப்பால், மருமகன் "அத்தை" என்று கூப்பிட்டார். ஒரே ஒரு தரம்தான் கூப்பிட்டார்.

"இங்கதான் இருக்கோம் மாப்ள" என்று அவள் உடனே பதில் கொடுத்தாள்.